சந்தேகத்தின் பலன்

நடுவர் நித்திலா விசிலை ஊதியதும் மைதானத்தில் முக்கால்வாசிப் பேர் எழுந்து நின்று ஆர்ப்பரித்தார்கள். அவள் மட்டும் கீழே விழுந்து கிடந்தவனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மெட்ராஸ் மொனார்க்ஸின் முன்கள வீரன் பந்தோடு பாய்ந்து வந்ததையும், செம்பாறைத்துறை அணியின் கோல்கீப்பர் வியானி அவன் காலடியில் விழுந்து பந்தைப் பிடிக்கப் பார்த்ததையும் அவள் பக்கத்தில் நின்றே பார்த்திருந்தாள். கோல்கீப்பரின் கைக்கும் அவன் காலுக்கும் நடுவே ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. அவன் தன் காலைத் தானே தரையில் இழுத்துக்கொண்டு விழுந்தான். ஆனால் அவள் காதுக்குள் இருந்த சின்னக் கருவி, எப்போதும் போல அவசரமில்லாத குரலில், "பெனால்டி" என்றது. கை தானாக விசிலை வாய்க்குக் கொண்டுபோய்விட்டது.

அந்தக் குரலுக்கு லீக் நிர்வாகம் வைத்திருந்த பெயர் நடுவன். மைதானத்தைச் சுற்றியிருக்கும் கேமராக்கள் எல்லாம் அதன் கண்கள். கணநேரத்தில் பார்த்து, கணித்து, முடிவைச் சொல்லிவிடும். அது வந்த புதிதில், நித்திலா உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்க்கும் திண்டுக்கல் பள்ளியின் தமிழாசிரியை, எமனுக்கும் அதுதானே பேர் என்று கேட்டுச் சிரித்தார். நடுவர் விரும்பினால் அதன் முடிவை மீறலாம் என்று விதியில் இருந்தது. மீறியவர் மறுநாள் குழுவின் முன் நின்று விளக்கம் சொல்ல வேண்டும். அப்படி விளக்கம் சொல்லப் போன இரண்டொருவரை அதன்பின் யாரும் ஆட்டத்துக்கு அழைக்கவில்லை.

செம்பாறைத்துறை வீரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு கத்தவில்லை. கன்னியாகுமரிக் கடற்கரையில் ஒரு சின்ன மீனவ ஊரிலிருந்து வந்த அணி அது. பாதிப் பேர் ஆட்டமில்லாத நாட்களில் விசைப்படகில் வேலைக்குப் போகிறவர்கள். அவர்களின் கேப்டன் வியானிதான். முழங்கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே அவளிடம் வந்தான்.

"மேடம், எனக்க கை அவன்மேல பட்டத நீங்க கண்டியளா?"

அவள் பெனால்டிப் புள்ளியைக் கைகாட்டினாள். பெனால்டி கோலானது. மொனார்க்ஸ் ஜெயித்தது. சென்னைக்காரர்கள் பட்டாசு வெடித்துக்கொண்டு வெளியேறினார்கள். தெற்குக் கேலரியில் உட்கார்ந்திருந்த செம்பாறைத்துறை ஆட்கள் மட்டும், தோற்ற நாளிலும், தாங்கள் போட்ட தண்ணீர் பாட்டில்களையும் காகிதங்களையும் சாக்கில் அள்ளி ஓரமாக வைத்துவிட்டுப் பேருந்து ஏறினார்கள். வெளியூர் மைதானங்களில் அது அவர்கள் வழக்கம்.

அந்தக் கேள்வி நித்திலாவோடு திண்டுக்கல் வரை ரயிலில் வந்தது. வகுப்பில் பிள்ளைகளை ஓடவிட்டுவிட்டு நிற்கும்போதும் காதில் கேட்டது. பெரிய கிளப்புகளுக்குத்தான் விசில் ஊதுகிறார்கள் என்ற பேச்சு அவளுக்குப் புதிதில்லை. மனிதர்கள் ஊதிய காலத்திலும் அந்தப் பேச்சு இருந்தது. பணம் வாங்கினார்கள் என்றார்கள், பயந்தார்கள் என்றார்கள். இரண்டும் இல்லாத ஒன்று வேண்டும் என்றுதான் நடுவனைக் கொண்டுவந்தார்கள். இயந்திரத்துக்குப் பணம் எதற்கு, பயம் ஏது?

மாலை நேரங்களில் பழைய ஆட்டங்களின் பதிவுகளைப் போட்டுப் பார்க்கத் தொடங்கினாள். வெளிப்படையான தவறுகளில் நடுவன் யாருக்கும் சலுகை காட்டவில்லை. மொனார்க்ஸ் வீரன் கையால் பந்தைத் தடுத்தால் தடுத்ததுதான். ஆனால் பட்டதா படவில்லையா, முந்தியதா பிந்தியதா என்று இழுபறியாக இருக்கும் இடங்களில் எல்லாம் தராசு ஒரே பக்கம் சாய்ந்தது. மொனார்க்ஸ் பக்கம்.

வாங்கிவிட்டார்கள் என்று முதலில் நினைத்தாள். ஆனால் ஒன்று இடித்தது. லீக்கிலேயே பணக்கார கிளப் கோயம்புத்தூருடையது. அதன் முதலாளி நினைத்தால் மொனார்க்ஸையே விலைக்கு வாங்கலாம். குடும்பம் குடும்பமாக வந்து, கைதட்டி, ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டுப் போகிற கூட்டம் அவர்களுடையது. அவர்களுக்குச் சந்தேகத்தின் பலன் ஒருமுறைகூடக் கிடைத்ததாகத் தெரியவில்லை. அதே சமயம், சம்பளம் கொடுக்கவே திணறும் ஒரு வடமாவட்ட அணிக்கு அடிக்கடி கிடைத்தது. அந்த அணியின் ரசிகர்கள் தோற்ற நாளில் ரயில் பெட்டியின் இருக்கைகளைப் பிடுங்கி எறிந்தவர்கள்.

அதை யோசித்ததும் நித்திலா பதிவை நிறுத்திவிட்டு, எந்த ஊர் ரசிகர்கள் தோற்ற நாளில் எதை உடைத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதத் தொடங்கினாள்.

நடுவனை உருவாக்கிய குழுவின் தலைவர் பரணீதரன். நடுவர்களுக்கான பயிற்சி வகுப்புகளில் அவரைப் பார்த்திருக்கிறாள். அதிர்ந்து பேசாதவர், ஐம்பது வயதிருக்கும். சென்னையில் லீக் அலுவலகத்துக்குப் போய் அவர் எதிரில் உட்கார்ந்து, தான் கண்டதைச் சொன்னாள். அவர் மறுப்பார் என்று நினைத்தாள். அவர் எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாரும் அதுக்கு அப்படிச் சொல்லிக் கொடுக்கலை, நித்திலா. முதல்ல அதை நம்புங்க."

"அப்ப எப்படி சார்?"

அவர் தன் வலது கையை மேசைமேல் வைத்தார். இரண்டு விரல்கள் மடங்காமல் விறைத்து நின்றன. நடுவன் வருவதற்கு முன்பு, ஒரு தவறான ஆஃப்சைடால் மொனார்க்ஸ் தோற்ற மாலை, தெற்கு வாசலில் நடந்த நெரிசலை அவர் நினைவூட்டினார். அது எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அன்று அந்த வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களில் தானும் ஒருவர் என்றார். அது அவளுக்குத் தெரியாது; விரல்கள் அப்போது நசுங்கியவை. கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் மூச்சுமுட்டி இறப்பதை முகத்துக்கு முகம் பார்த்தாராம்.

"அதுக்கப்புறம் நடுவனுக்கு ஒண்ணே ஒண்ணு கூடுதலாச் சொன்னோம். ஆட்டம் முடிஞ்சு எல்லாரும் உயிரோட வீட்டுக்குப் போய்ச் சேரணும். அவ்வளவுதான். அது என்ன பண்ணும், இருக்கிற எல்லாத்தையும் பாக்கும். எத்தனை பேர் வந்திருக்காங்க, சாராயக்கடையில என்ன கூட்டம், போன்ல என்ன பேசிக்கிறாங்க, போன தடவை தோத்தப்ப என்ன பண்ணாங்க. தெளிவா இருந்தா உண்மையைச் சொல்லும். தெளிவா இல்லாத எடத்துல, எந்த முடிவுல அடிதடி குறைவோ அதைச் சொல்லும்."

"அப்ப செம்பாறைத்துறைக்காரங்க?"

பரணீதரன் விறைத்த விரல்களை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டார். "அவங்க தோத்தா அழுவாங்க. அப்புறம் கேலரியைப் பெருக்கிட்டுப் போயிடுவாங்க. அது நடுவனுக்குத் தெரியும்."

நித்திலா, இது அநியாயம் என்றாள். ஆமாம், அநியாயம்தான் என்று அவர் ஒத்துக்கொண்டார். நடுவன் வந்தபிறகு மைதானத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை என்றும் சொன்னார். ஒரு கோலா, ஒரு உயிரா என்று கேட்டால் நீங்கள் எதை எடுப்பீர்கள் என்றார். அவள் வாயிலும் உயிர் என்றுதான் முதலில் வந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது, இதை வெளியில் சொன்னால் என்னென்ன நடக்கும் என்று நடுவனால்கூடக் கணிக்க முடியாது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். மிரட்டலாக இல்லை. கெஞ்சலாக இருந்தது.

ஒரு வாரம் யோசித்தாள். செம்பாறைத்துறை அணி பட்டியலின் அடியில் இருந்தது. மிச்சமிருந்த இரண்டு ஆட்டங்களில் ஒன்றிலாவது ஜெயிக்காவிட்டால் கீழ்ப்பிரிவுக்குப் போய்விடும். கீழ்ப்பிரிவில் சம்பளம் கிடையாது. வியானிக்கு முப்பத்திரண்டு வயது. மறுபடி மேலே வரும்வரை அவன் முழங்கால் தாங்காது. இழுபறி முடிவுகளை மட்டும் நேர்மையாகக் கொடுத்திருந்தால் அவர்கள் பட்டியலின் நடுவில் இருந்திருப்பார்கள் என்பது பதிவுகளைப் பார்த்த அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டு சும்மா இருக்க அவளால் முடியவில்லை. பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு நாகர்கோவில் பேருந்தில் ஏறினாள்.

கிளப் என்பது மாதா கோயில் மைதானத்தை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. வியானி இருந்தான். ரசிகர் கூட்டத்தை ஊர் ஊராக அழைத்துப் போகிற டெல்பின் இருந்தாள். சந்தையில் மீன் ஏலம் எடுக்கும் பெண், நாற்பத்தைந்து வயது, கூட்டத்தில் அவள் குரலுக்குத்தான் எல்லாரும் பாடுவார்கள். நித்திலா தனக்குத் தெரிந்ததை ஒளிக்காமல் சொன்னாள். நீதிமன்றத்துக்குப் போங்கள், நான் வந்து சாட்சி சொல்கிறேன் என்றாள்.

வியானி தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். டெல்பின்தான் வாயைத் திறந்தாள்.

"அப்போ அந்த மெசினு எங்களக் கண்டு பயப்படல்ல. அதானே டீச்சரே காரியம்?"

அதற்குப் பயம் கிடையாது, கணக்குத்தான் உண்டு என்று நித்திலா விளக்கப் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றாள் டெல்பின். "கேஸு போட்டா எந்தக் காலத்துல தீரும்? கடசி ஆட்டம் இன்னா வந்தாச்சு."

வியானி நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "அக்கா, வேண்டாம்."

"நான் என்ன சொன்னேன் இப்போ?" என்று கேட்டுவிட்டு டெல்பின் எழுந்து, நித்திலாவை வாசலிலிருந்த கடைக்குத் தேநீர் குடிக்க அழைத்துப்போனாள்.

அந்த வாரமே ஆரம்பித்தது. செம்பாறைத்துறை மதுரையில் ஆடிய ஆட்டத்தில் தோற்றதும், கேலரியிலிருந்து யாரும் குப்பை பொறுக்கவில்லை. நாற்காலிகள் பறந்தன. எதிரணிப் பேருந்தின் கண்ணாடிகள் நொறுங்கின. ஒரு காவலரின் கண்ணில் சில்லு பாய்ந்தது. செய்தியில் பார்த்த முகங்களில் பாதி நித்திலாவுக்குத் தெரிந்த முகங்கள். அவளுக்குத் தேநீர் ஆற்றிக் கொடுத்த கடைக்காரன், உருட்டுக்கட்டையோடு நின்றான். அடிக்கிற வெறி எதுவும் அவன் முகத்தில் இல்லை. வேலையைச் செய்கிறவனின் முகமாக இருந்தது. அடுத்த வாரம் போனில் பரவிய ஒரு ஒலிப்பதிவில், தோற்றால் நாகர்கோவிலில் ஒரு பேருந்துகூட ஓடாது என்று நித்திலாவுக்குத் தெரிந்த ஒரு பெண்குரல் சொன்னது. நடுவன் அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் என்பது பேசியவளுக்குத் தெரிந்தே இருந்தது.

கடைசி ஆட்டம் நாகர்கோவிலில், மொனார்க்ஸுக்கு எதிராக. நடுவர் நித்திலா. மறுத்துவிடலாமா என்று பலமுறை நினைத்தாள். தான் கிளப்பிவிட்டதைத் தானே போய்ப் பார்ப்பதுதான் முறை என்று தோன்றியது. மைதானத்துக்குள் நுழையும்போதே டயர் எரியும் வாடை அடித்தது. சென்னையிலிருந்து மொனார்க்ஸ் ரசிகர்கள் அதிகம் வரவில்லை. வந்தவர்களும் சட்டைக்கு மேல் வேறு சட்டை போட்டு நிறத்தை மறைத்திருந்தார்கள். கோல் கம்பத்துக்குப் பின்னால், ஆட்டம் தொடங்கும் முன்பே, கூழாங்கற்கள் வந்து விழுந்தன. கொடி பிடிக்கும் துணை நடுவர் கோட்டிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளி நின்றார்.

இரண்டு பக்கமும் கோல் விழாமல் ஆட்டம் இழுத்தது. முடியும் தறுவாயில் செம்பாறைத்துறை முன்கள வீரன் ஒருவன் மொனார்க்ஸ் பாக்ஸுக்குள் போய் விழுந்தான். சுற்றி நெருக்கிய உடம்புகள் கேமராக்களுக்கு அவனை மறைத்திருக்கும், ஆனால் யாரும் அவனைத் தொடவில்லை. நித்திலா தெளிவாகப் பார்த்தாள். காதுக்குள் அதே குரல், அதே நிதானம்: "பெனால்டி."

நடுவன் சாய்ந்தால் மீறிவிடலாம் என்றுதான் அவள் வந்திருந்தாள். கேலரியைப் பார்த்தாள். முன்வரிசையில் கம்பி வேலியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். பரணீதரனின் விறைத்த விரல்கள் கண்முன் வந்தன. ஊதிவிட்டாள்.

வியானி தன் கோலை விட்டு மைதானத்தின் மறுமுனைவரை நடந்து வந்தான். கேப்டன் என்ற முறையில் பந்தைத் தான் அடிப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டான். அதைப் புள்ளியில் வைத்துவிட்டு, கேலரிக்கு முதுகைக் காட்டியபடி அவளிடம் மெல்லச் சொன்னான்.

"மேடம், இது எங்களுக்குள்ளது இல்ல. எனக்குத் தெரியும், ஒங்களுக்கும் தெரியும்."

"வியானி, பேசாம அடிச்சிருங்க," என்றாள் அவள். தன் குரலைத் தானே அவளால் நம்ப முடியவில்லை. "தயவுசெஞ்சு."

அவன் ஓடி வரவில்லை. இரண்டடி எடுத்துவைத்து, பிள்ளைக்குப் பந்து உருட்டிக் கொடுப்பதுபோல், மொனார்க்ஸ் கோல்கீப்பரின் கையில் போய்ச் சேரும்படி தட்டிவிட்டான். பிறகு திரும்பி, தன் கோலுக்கு நடந்து போனான். மைதானம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அப்படியொரு அமைதியை நித்திலா எந்த மைதானத்திலும் கேட்டதில்லை.

ஆட்டம் சமனில் முடிந்தது. செம்பாறைத்துறை கீழே போனது. நடுவர்களை இரும்புக் கதவுக்குப் பின்னாலிருந்த அறைக்குள் தள்ளிப் பூட்டினார்கள். வெளியே நடந்ததை அவள் பிறகுதான் கேள்விப்பட்டாள். கூட்டம் மொனார்க்ஸ் பேருந்தின் பக்கம் போகவில்லை. தங்கள் கேப்டனைத் தேடிப் போனது. இரண்டு வாரமாகக் கையில் எடுத்த கட்டையை எங்காவது இறக்கியாக வேண்டியிருந்தது அவர்களுக்கு. கடையொன்றின் ஷட்டரைத் தூக்கி அவன் கைகளை அடியில் வைத்து இறக்கினார்கள். டெல்பின் குறுக்கே விழுந்து அவனைத் தன் உடம்பால் மூடப் பார்த்தாளாம். நான் சொல்லித்தானே வந்தீங்க, நான் சொல்லுதேன் நிறுத்துங்க என்று கதறினாளாம். அவள் குரலுக்குப் பாடிப் பழகியவர்கள் அன்று அதைக் கேட்கவில்லை. அவளுக்கும் விலா எலும்பு முறிந்தது.

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் வியானி இரண்டு கைகளிலும் கட்டோடு கிடந்தான். நித்திலா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். தான் வந்து சொல்லாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்றாள். அவன், பக்கத்துக் கட்டிலில் டெல்பின் தூங்குகிறாளா என்று பார்த்துக்கொண்டு, தணிந்த குரலில், "அடிச்சதுல எனக்க மச்சானும் உண்டு மேடம்," என்றான். "அவனக் கண்டேன். அவன் அழுதுட்டேதான் அடிச்சான்."

வராந்தாவில் பரணீதரன் நின்றிருந்தார். அவரும் பார்க்க வந்திருக்கிறார். நடுவன் கணித்தது தப்பாகிவிட்டதே என்று நித்திலா கேட்டாள். கேட்கும்போது அவளுக்குள் ஒரு குரூரமான ஆறுதல் இருந்தது. அது தோற்றதே, இனியாவது நிறுத்துவார்கள் என்ற நினைப்பு.

"தப்புதான்," என்றார் பரணீதரன். "கொடுத்தா வாங்கிக்குவாங்கன்னு நினைச்சுது. வாங்க மாட்டேன்னு சொல்ற ஆளை அது அதுவரைக்கும் பாத்ததில்லை. இப்ப பாத்துடுச்சு. கத்துக்கிட்டுது."

"என்ன கத்துக்கிட்டுது?"

அவர் உள்ளே கட்டிலைப் பார்த்தார். "அந்த மாதிரி ஆள் இருக்கிற அணிக்கு இனிமே சந்தேகத்தோட பலனைக் கொடுக்காது. அப்படிப்பட்டவங்க ஆபத்துன்னு குறிச்சு வச்சிருக்கு."

நித்திலா அன்றே விலகினாள். காதுக் கருவியைத் திருப்பி அனுப்பினாள். வழக்குப் போட வேண்டியவர்கள் ஆஸ்பத்திரியில் கிடந்ததால், அவள் சாட்சி சொல்ல வழக்கே இல்லாமல் போனது. கலவரம் செய்கிறவர்கள் பக்கம் நடுவன் சாய்வதைப் பற்றிச் செய்தித்தாள்கள் துண்டுதுண்டாக எழுதின. உயிர்ப்பலி இல்லையே, பிறகென்ன என்று பலர் எழுதினார்கள். கோயம்புத்தூர் கிளப்பின் ரசிகர்கள் அடுத்த சீசனில் ஐஸ்கிரீம் கப்புகளோடு அடிதடிக்கென்று ஹெல்மெட்டும் கொண்டுவரத் தொடங்கினார்கள் என்று ஒரு படம் வந்தது. அதில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் தன் பள்ளியோடு நின்றுகொண்டாள். மாணவிகளுக்கான மாவட்டப் போட்டிகளுக்கு மட்டும் விசில் ஊதினாள். அங்கே கேமரா இல்லை, கருவி இல்லை. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பெண்கள், கால்பந்தைவிடத் தலைமுடியைச் சரிசெய்வதில் பாதி நேரம் போகும். அங்கே நின்றால் மூச்சு சீராக வந்தது.

ஒரு சனிக்கிழமை காலை வெளியூர்ப் பள்ளி ஒன்று ஆட வந்தது. அவர்களின் பெற்றோர்கள் வேன்களில் வந்து இறங்கி, எல்லைக்கோட்டை ஒட்டி வரிசையாக நின்றார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு இரண்டு அம்மாக்கள் மட்டும், வேலைக்குப் போகும் வழியில், சைக்கிள் ஸ்டாண்டு அருகே நின்றிருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன் வெளியூர்த் தந்தை ஒருவர் நித்திலாவிடம் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வங்கியில் வேலை பார்ப்பவர் போல. மரியாதையாக வணக்கம் சொன்னார்.

"எங்க பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் பாத்து ஊதுங்க மேடம். நாங்க நெறையப் பேர் வந்திருக்கோம்."

அவ்வளவுதான் சொன்னார். சிரித்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

ஆட்டம் சூடுபிடித்த நேரத்தில் கோல் அருகே இரண்டு பெண்கள் மோதிக்கொண்டார்கள். ஒருத்தி கீழே விழுந்தாள், எந்த அணிப் பெண் என்பதுகூட நித்திலாவுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அந்தக் கணத்தில் அவள் கண்கள் மைதானத்தில் இல்லை. கோட்டை ஒட்டி நின்றவர்களை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை எண்ணிக்கொண்டிருந்தன. சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் போய் அங்கே இரண்டு பேர் என்று கண்டுகொண்டன.

விசில் ஏற்கெனவே அவள் வாயில் இருந்தது.